கட்டிய படகு இன்ஜினில் டிக் டிக் சத்தம்: ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளச்சலில் படகு இன்ஜின் வேலை செய்கிறேன். அதற்கு முன் பல வருடம் வளைகுடாவில் ஒரு படகுத்துறை ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். அங்கே கைக்கு வந்ததில் பெரும்பகுதி பெட்ரோல் வி-8 இன்ஜின்கள். இன்று குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் அதே வேலையில் அங்கே இருக்கிறார்கள். இன்ஜினைக் கழற்றிப் பழுதுபார்த்துத் திரும்பக் கட்டி முடித்து ஸ்டார்ட் செய்ததும் சத்தம் கேட்டால் வாட்ஸ்ஆப்பில் பதிவு செய்து எனக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, எந்த லிஃப்டர் வாங்கணும்?"

திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் ஜெனரல் மோட்டார்ஸ் 5.7 லிட்டர் சின்ன வி-8 பிளாக்குக்கு உரியவை. மெர்க்ரூசர், வோல்வோ பென்டா என்று மூடியில் எந்தப் பெயர் இருந்தாலும் அடியில் அந்தப் பிளாக் இருக்கும் படகுகள் ஏராளம்.

ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர்னா என்ன அண்ணே? நம்ம டாப்பெட்தானே?

வேலை டாப்பெட்டின் வேலைதான். கேம் ஷாஃப்ட் மேட்டில் உட்கார்ந்து, புஷ் ராடைத் தள்ளி, ராக்கர் வழியாக வால்வைத் திறக்கும். அடியில் உருளை இருப்பதால் ரோலர். உள்ளே சின்ன பிளஞ்சர், ஸ்பிரிங், ஒருவழி வால்வு இருக்கும்; இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து பிளஞ்சரைத் தாங்கி நிற்கும். அதனால் ஹைட்ராலிக்.

சூட்டில் இரும்பு நீண்டாலும் தேய்ந்தாலும் ஏற்படும் இடைவெளியை அந்த ஆயிலே நிரப்பிவிடும். சரியாக வேலை செய்தால் சத்தமே வராது. சத்தம் வருகிறதென்றால் எங்கோ ஓர் இடைவெளி நிரம்பவில்லை என்று பொருள். அது ஏன் நிரம்பவில்லை என்பதைத் தேடுவதுதான் வேலை.

நம்ம ஊர் விசைப்படகு இன்ஜின்லயும் இது உண்டா?

நம் துறைமுகங்களில் நான் திறந்து பார்த்த விசைப்படகு டீசல் இன்ஜின்கள் எல்லாம் கெட்டி டாப்பெட். ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, இன்ஜின் புத்தகத்தில் உள்ள இடைவெளிக்கு ஸ்க்ரூவைத் திருப்பி, லாக் நட்டை இறுக்க வேண்டியதுதான். தடைக்காலத்தில் (சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, குளச்சல் முதல் மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31) இன்ஜினைத் தொடும்போது இதையும் பார்த்துவிடுங்கள். வள்ளத்தில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இந்த மாதிரி வால்வே கிடையாது. அதில் டிக் டிக் கேட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

கெட்டி டாப்பெட்டில் கைபழகியவர்கள் ஹைட்ராலிக்குக்கு மாறும்போது செய்யும் தப்பு ஒன்று: இதிலும் இடைவெளி விட்டு வைப்பார்கள். இதில் இடைவெளி விடவே கூடாது. பிளஞ்சரைக் கொஞ்சம் அமுக்கித்தான் வைக்க வேண்டும்.

சத்தம் வந்தாலே லிஃப்டர் போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டிய இன்ஜினில் வரும் சத்தத்துக்கு லிஃப்டர் காரணமாக இருப்பதைவிட, செட்டிங்கோ அளவோ ஆயிலோ காரணமாக இருப்பதுதான் அதிகம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வி-8-க்குப் பதினாறு லிஃப்டரையும் மாற்றினேன். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டு, இரண்டு நாள் வேலை. ஸ்டார்ட் செய்தால் அதே டிக் டிக். மூத்த மெக்கானிக் ஒருவர் வந்து டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தைக் காட்டினார். மூன்றாவது சிலிண்டருக்கு நேரே, பெயிண்டின் மேல், விரல்நகம் அளவுக்குக் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. அந்த ஓட்டை வழியே புகை தெறிக்கும் சத்தம்தான் நான் லிஃப்டர் என்று நினைத்தது. ஒரு கேஸ்கெட்டும் நான்கு போல்ட்டும் போதுமாக இருந்த வேலை. அன்றிலிருந்து வால்வு மூடியைத் திறக்கும் முன் மேனிஃபோல்டுச் சேர்க்கையைச் சுற்றி டார்ச் அடிக்காமல் இருந்ததில்லை.

மேலே டாப்பெட் சத்தமா, அடியில பேரிங் சத்தமான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்க?

கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும். 600 ஆர்.பி.எம்.-ல் ஒரு வால்வு நொடிக்கு 5 முறை திறக்கும்; கிராங்க் 10 சுற்று சுற்றும். டைமிங் லைட்டை ஒரு பிளக் ஒயரில் மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இன்ஜினில் அது இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒருமுறை மின்னும். சத்தம் மின்னலோடு ஒன்றுக்கு ஒன்றாக வந்தால் பெரும்பாலும் வால்வுப் பக்கம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டு வந்தால் கிராங்க் பக்கம். அப்படியானால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள், மேற்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பிஸ்டன் தட்டும் சத்தமும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரலாம், அதனால் டைமிங் லைட்டை மட்டும் நம்ப வேண்டாம். பிஸ்டன் சத்தம் கனமாக இருக்கும், இன்ஜின் சூடானதும் குறையும்.

எந்த வால்வுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வால்வு மூடியைக் கழற்றி, இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவில் மெல்லிய ஃபில்லர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். எந்த ராக்கரில் தகடு சுலபமாக நுழைந்து சத்தமும் மாறுகிறதோ அதுதான். தகடு கையில் இல்லையென்றால் சுத்தியல் மரப்பிடியால் ஓடும் ராக்கரை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம். ஆயில் தெறிக்கும், சூடான மேனிஃபோல்டில் விழாமல் துணியோ அட்டையோ கட்டிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் படகில் இன்னொன்று: ஸ்டார்ட் செய்யும் முன் 4 நிமிடமாவது புளோயரை (இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறியை) ஓட்டுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும். படகு கரையில் இருந்தால் தண்ணீர்க் குழாய் இணைப்புக் கொடுக்காமல் ஓட்டவே வேண்டாம். தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் உலர்ந்து ஓடினால் எரிந்துபோகும்.

காலையில ஸ்டார்ட் பண்ணுறப்போ மட்டும் கொஞ்ச நேரம் அடிக்குது. மாத்தணுமா?

சில நொடியில் நின்றுவிட்டால் மாற்ற வேண்டாம். இன்ஜின் நிற்கும்போது எந்த வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதன் ஸ்பிரிங் இரவு முழுக்க லிஃப்டரை அமுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் ஆயில் மெல்லக் கசிந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் திரும்ப நிரம்பும். சூடான பிறகும் நிற்காமல் அடித்தால்தான் கவலை.

இன்ஜின் கட்டுறதுக்கு முன்ன இந்தச் சத்தம் இல்ல. கட்டின பிறகு ஏன்?

கட்டும்போது வால்வுக்கும் கேமுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறிவிடுகிறது. லிஃப்டர் நிரப்பக்கூடிய தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பழைய இன்ஜின் சிலவற்றில் மெல்லிய இரும்புத் தகட்டு ஹெட் கேஸ்கெட் இருக்கும், சுமார் 0.015 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு இன்று கிடைக்கும் 0.040 அங்குல கேஸ்கெட்டைப் போட்டால் ஹெட் 0.025 அங்குலம் உயர்ந்துவிடும். லிஃப்டர் அமுக்கம் அந்த அளவுக்குக் குறையும். லேத்தில் வால்வு முனையைச் சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்து எடுத்தாலும் அமுக்கம் குறையும், சத்தம் வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஹெட்டையோ பிளாக்கையோ சீவினால், அல்லது வால்வு உட்காரும் சீட்டை ஆழமாக வெட்டி வால்வு உள்ளே இறங்கி அதன் முனை மேலே வந்துவிட்டால், அமுக்கம் கூடும். அப்போது சத்தம் வராது. வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் போகும், ஐடிலிங் தடுமாறும். சத்தம் இல்லையே என்று விட்டுவிட்டால் வால்வு எரிந்துபோகும்.

ராக்கர் நட்டைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிற இன்ஜினில் இதையெல்லாம் நட்டிலேயே ஈடுகட்டலாம். 4.3 லிட்டர் வி-6 பலவற்றில் நட்டு ஸ்டட்டின் தோள்வரை போய் நின்றுவிடும், செட்டிங் என்பதே கிடையாது. அவற்றில் அளவு தப்பினால் புஷ் ராடு நீளத்தை மாற்றுவது ஒன்றே வழி. புது லிஃப்டர் வாங்கிப் போட்டால் பணம்தான் வீண்.

ஆயில் பிரஷர் எவ்வளவு இருந்தா லிஃப்டர் சரியா நிரம்பும்?

சூடான இன்ஜினில் 1000 ஆர்.பி.எம்.-ல் 6 பி.எஸ்.ஐ., 2000-ல் 18, 4000-ல் 24. இது ஜெனரல் மோட்டார்ஸ் சொல்லும் குறைந்தபட்சம். புதிதாகக் கட்டிய இன்ஜின் இதைவிட நன்றாக மேலே காட்ட வேண்டும். டேஷ்போர்டு கேஜை நம்பாதீர்கள். தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பாருங்கள்.

படகில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. அடியில் வடிகால் போல்ட்டைத் தொட இடமில்லாததால் டிப்ஸ்டிக் குழாய் வழியாகப் பம்ப் வைத்து ஆயிலை உறிஞ்சுவோம். அடியில் கொஞ்சம் தங்கிவிடும். அதன்மேல் புத்தகத்தில் உள்ள முழு அளவையும் ஊற்றினால் மட்டம் ஏறி, கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை லிஃப்டருக்குள் போனால் காற்று நசுங்கும், லிஃப்டர் தட்டும். ஆயில் குறைவாக இருந்தாலும் பம்ப் காற்றை இழுத்து இதே கதைதான். படகு சமமாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்து மட்டத்தைச் சரிசெய்யுங்கள். இதை மட்டும் செய்து சத்தம் நின்ற இன்ஜின்கள் உண்டு.

ராக்கர் நட்டை அரைச் சுத்துன்னு ஒருத்தர், ஒரு சுத்துன்னு ஒருத்தர் சொல்லுகாரு. எது சரி?

இரண்டுமே சரியான எல்லைக்குள்தான் வரும். ராக்கர் நட்டு ஏறும் 3/8 அங்குல ஸ்டட்டில் அங்குலத்துக்கு 24 மரை. ராக்கர் விகிதம் 1.5. அரைச் சுற்றுக்கு பிளஞ்சர் சுமார் 0.035 அங்குலம் இறங்கும், முழுச் சுற்றுக்கு 0.070-க்குப் பக்கம். கம்பெனி லிஃப்டருக்குக் கம்பெனி சொன்ன அளவு, வெளியே வாங்கிய லிஃப்டருக்கு அதன் பெட்டியில் உள்ள தாளில் சொன்ன அளவு. தாளே இல்லையென்றால் நான் அரைச் சுற்றில் தொடங்குவேன்.

தப்பு நடப்பது சுற்றில் இல்லை, சுற்றை எண்ணத் தொடங்கும் பூஜ்யத்தைப் பிடிப்பதில். புஷ் ராடை விரலால் உருட்டிக்கொண்டே நட்டை இறுக்கி, உருட்ட முடியாமல் போகும் இடத்தைப் பூஜ்யம் என்கிறார்கள். ஆயில் இல்லாத புது லிஃப்டரின் ஸ்பிரிங் மெல்லியது. உருட்டல் நிற்பதற்குள் பிளஞ்சர் பாதி இறங்கியிருக்கும். புஷ் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அந்த ஆட்டம் நிற்கும் இடம்தான் பூஜ்யம்.

வரிசை: முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது எக்ஸாஸ்ட் 1, 3, 4, 8; இன்டேக் 1, 2, 5, 7. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி ஆறாவது உச்சிக்குக் கொண்டுவந்து எக்ஸாஸ்ட் 2, 5, 6, 7. இன்டேக் 3, 4, 6, 8. வலப்பக்கமாகச் சுற்றும் கேமா, இடப்பக்கமாகச் சுற்றும் கேமா என்று சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டராகப் போங்கள்: எக்ஸாஸ்ட் திறக்கத் தொடங்கும்போது இன்டேக்கைச் செட் செய்யுங்கள், இன்டேக் திறந்து மூடப்போகும்போது எக்ஸாஸ்ட்டை.

எல்லாம் பார்த்தாச்சு, லிஃப்டர்தான் போச்சு. எதை வாங்க?

கடைக்காரரிடம் "5.7 மெர்க்ரூசர்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணால் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வி-8-ல் ரோலர் லிஃப்டரைக் கார்களுக்கு 1987-ல் கொண்டுவந்தது. படகு இன்ஜின்களில் அதற்குப் பிறகும் பல வருடம் ஃபிளாட் லிஃப்டர்தான் (அடியில் உருளை இல்லாத தட்டை வகை) வந்தது. படகின் வருடத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். கட்டியவர் பிளாக்கையே மாற்றியிருக்கவும் கூடும்.

ரோலர் லிஃப்டர் தன் துளைக்குள் திரும்பக் கூடாது. திரும்பினால் உருளை குறுக்கே நின்று கேமை அரைத்துவிடும். கம்பெனி ரோலர் பிளாக்கில் இரண்டு லிஃப்டருக்கு ஒரு தட்டை வழிகாட்டித் துண்டு, எலும்புத் துண்டு மாதிரி இருக்கும். அவற்றை எல்லாம் மேலிருந்து அமுக்கிப் பிடிக்க சிலந்தி வடிவத் தகடு ஒன்று. இவை இருந்தால் சாதாரணக் கம்பெனி வகை ரோலர் லிஃப்டர் போதும். இவை இல்லாத பழைய பிளாக் என்றால் இரண்டிரண்டாகப் பட்டையால் இணைத்த லிஃப்டர்தான் வேண்டும். சில பிளாக்குகளில் சிலந்தித் தகட்டுக்கான மேடு வார்ப்பில் இருக்கும், துளை போட்டு மரை எடுத்திருக்க மாட்டார்கள். மேட்டைப் பார்த்ததும் ஆர்டர் போட்டுவிடாதீர்கள், மரை இருக்கிறதா என்று பாருங்கள்.

விட்டம் 0.842 அங்குலம். ஃபோர்டு வி-8 உள்ள படகு என்றால் 0.875. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும். பெட்டியைப் பிரித்ததும் பதினாறையும் அளந்துவிடுங்கள். ஒருமுறை எனக்கு வந்த பெட்டியில் பதினைந்து ஒரு கம்பெனி, ஒன்று வேறு கம்பெனி. உருளையை நகத்தால் மெல்லச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மணல் மேல் உருளுகிற மாதிரி நரநரவென்றால் உள்ளே ஊசி பேரிங் சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புஷ் ராடு பழசையே போடலாமா?

அதே வகை லிஃப்டருக்குப் பதில் அதே வகை என்றால் போடலாம். கண்ணாடி மேல் உருட்டி நேராக இருக்கிறதா, முனை தேயவில்லையா, நடுத்துளை அடைக்கவில்லையா என்று மட்டும் பாருங்கள். லிஃப்டர் வகை மாறினால் உயரமும் மாறும். ஃபிளாட் லிஃப்டருக்குப் புஷ் ராடு சுமார் 7.8 அங்குலம், கம்பெனி ரோலருக்கு 7.2, பட்டை இணைத்த வகைக்குப் பெரும்பாலும் 7.3-க்குப் பக்கம். 7.2-க்கும் 7.3-க்கும் உள்ள வித்தியாசம் கையில் பிடித்தால் தெரியாது. நீளம் மாற்றிக்கொள்ளும் அளவுப் புஷ் ராடு ஒன்று கைவசம் வைத்திருங்கள்.

ஃபிளாட் லிஃப்டர் இருந்த இன்ஜினுக்கு ரோலர் மட்டும் வாங்கிப் போடலாமா?

கூடாது. கேமின் மேட்டு வடிவமே வேறு, இரும்பும் வேறு. ரோலர் போட வேண்டுமென்றால் ரோலர் கேம், அதற்கேற்ற டிஸ்ட்ரிபியூட்டர் கியர், கேம் முன்னே நகராமல் தடுக்கும் ஏற்பாடு, புது நீளப் புஷ் ராடு எல்லாம் சேர்ந்து வர வேண்டும். சத்தத்தை நிறுத்துவதற்காக மட்டும் இவ்வளவு செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

ஃபிளாட்டிலேயே இருப்பதென்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஃபிளாட் லிஃப்டரும் கேமும் ஜோடி. ஒரு கேமில் ஓடிப் பழகிய ஃபிளாட் லிஃப்டரை இன்னொரு கேமில் போடவே கூடாது. நல்ல நிலையில் உள்ள ரோலர் கேமில் புது ரோலர் லிஃப்டரைப் போடலாம்.

ஒண்ணு மட்டும் மாத்தினா போதாதா? பதினாறு வாங்க முதலாளி சம்மதிக்க மாட்டாரு.

எல்லாமே புதிது, ஒன்று மட்டும் சிக்கிக்கொண்டது என்றால் அதை மட்டும் மாற்றலாம். பட்டை வகையில் ஜோடியாகத்தான் வரும். பழைய லிஃப்டர்களைக் கழுவிப் போட்ட இன்ஜினில் ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே வரும். பதினாறையும் மாற்றிவிடுங்கள் என்று முதலாளியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். மேனிஃபோல்டை இரண்டாம் முறை கழற்றும் கூலியையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

உருளையே உடைந்திருந்தால் கதை வேறு. ஊசிகள் ஆயிலில் கலந்து பம்ப்வரை போயிருக்கும். ஆயில் பேனைக் கழற்றாமல், கேம் மேட்டை விரலால் தடவிப் பார்க்காமல், புது லிஃப்டரைப் போடாதீர்கள்.

உப்புத்தண்ணி இன்ஜினுக்குள்ள ஏறின படகு. லிஃப்டரைக் கழுவிப் போடலாமா?

வேண்டாம். ஆயில் பால்கலந்த தேநீர் நிறமாக மாறியிருந்தால் அந்த உப்பு ஊசி பேரிங்குக்குள்ளும் போயிருக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு புள்ளி புள்ளியாகத் தொடங்கியிருக்கும். கடலில் போய் உடையும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் புது லிஃப்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதன் மேல் உள்ள ரைசர், ஹெட் கேஸ்கெட் மூன்றையும் பாருங்கள்.

வேகமான கேம் போட்டா நல்லா ஓடும்னு சொல்லுகாங்க, லிஃப்டரோட சேர்த்து மாத்தவா?

காரில் போடும் கேமைப் படகில் போட வேண்டாம். அப்படிப்பட்ட கேமில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நேரம் அதிகம். குறைந்த வேகத்தில் எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள தண்ணீரைச் சிலிண்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் முந்தைய பதிலில் சொன்ன இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

போடுறதுக்கு முன்ன ஆயில்ல ஊற வைக்கணுமா?

சுத்தமான ஆயிலில் முக்கி எடுத்து, உருளையில் நன்றாக ஆயில் படவிட்டுப் போட்டால் போதும். கையால் அமுக்கி அமுக்கி நிரப்ப வேண்டாம். நிரம்பிய லிஃப்டரில் பூஜ்யத்தைத் தாண்டி நட்டை இறுக்கும்போது வால்வு திறந்துகொள்ளும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை ஏற்றுவதுதான் முக்கியம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரைமிங் கருவியை விட்டு, டிரில்லால் வலப்பக்கம் சுற்றுங்கள். வெறும் நீளக் கம்பி போதாது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே ஒரு பக்க லிஃப்டர் ஆயில் வழியை அடைத்து நிற்கிறது. அந்த உடம்பு இல்லாத கம்பியால் சுற்றினால் ஆயில் அங்கேயே வழிந்துவிடும். ஒருவர் டிரில்லைப் பிடிக்க, இன்னொருவர் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெல்லச் சுற்றட்டும். பதினாறு ராக்கரிலும் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடியைப் போடுங்கள்.

முதல் ஸ்டார்ட்ல 20 நிமிஷம் 2000-ல ஓட்டணுமாமே?

அது ஃபிளாட் லிஃப்டருக்கு. ரோலருக்குத் தேவையில்லை. ஆனால் பிஸ்டன் ரிங்குகள் புதிதென்றால் இன்ஜின் புத்தகத்தில் சொன்ன பழக்கும் முறையை விடாதீர்கள். மெர்க்ரூசர் முதல் 20 மணி நேரத்தைச் சொல்கிறது. அது முடிந்ததும் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளுக்குள் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டியான ஆயில் ஊத்தினா சத்தம் அடங்குது. அப்படியே விடலாமா?

அடங்குவது உண்மைதான், கட்டி ஆயில் மெதுவாகக் கசியும். ஆனால் காரணம் அங்கேயே இருக்கும். மெர்க்ரூசர் இந்த இன்ஜின்களுக்குப் படகு வகை 25டபிள்யூ-40 ஆயிலைச் சொல்கிறது, அதுவே போதும். லிஃப்டரில் பிசின் மாதிரி படிவு சிக்கியிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் அடுத்தடுத்து இரண்டு முறை மாற்றிப் பாருங்கள். சிலவற்றில் சரியாகிவிடும்.

எல்லாம் மாத்தியும் தையல் மிஷின் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் இருக்கு. பரவாயில்லையா?

எல்லாச் சிலிண்டரிலிருந்தும் ஒரே சீராக வருகிறதா, ஓர் இடத்திலிருந்து மட்டும் வருகிறதா என்று நீள ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேளுங்கள். ஒரே சீராக, மூடியைப் போட்டதும் காதுக்கு எட்டாத அளவில் இருந்தால் விட்டுவிடுங்கள். ரோலர் லிஃப்டர் ஃபிளாட்டைவிடக் கனம், கொஞ்சம் ஓசை இருக்கத்தான் செய்யும். இன்ஜெக்டர் உள்ள இன்ஜினில் அதுவும் டிக் டிக் என்றுதான் சொல்லும். ஓர் இடத்திலிருந்து மட்டும் வந்தால் எனக்கு அனுப்பும் முன் மேனிஃபோல்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் பதிவு அனுப்புங்கள்: இன்ஜின் சூடான பிறகு, வால்வு மூடி திறந்த நிலையில், ஆர்.பி.எம். என்ன, பிரஷர் என்ன என்று சொல்லிக்கொண்டே.